அறுவைக்கு முன்னும் பின்னும்

மாசி பிறந்துவிட்டால் இராமநாதபுரம் மாவட்டத்துச் சாயல்குடி, கடலாடி வட்டாரத்துப் பனங்காடுகளில் கலயம் கட்டும் வேலை தொடங்கிவிடும். காலையில் ஒருமுறை, மாலையில் ஒருமுறை என்று பனையேறி அதே மரங்களில் நாள்தோறும் ஏறி இறங்குகிறார். பாளை சீவும் அரிவாளும், காலைப் பிணைக்கும் தளைநாரும், இளமையிலேயே படிந்துவிட்ட பழக்கமும் அன்றி அவருக்கு வேறு காவல் இல்லை. அறுபது அடி உயரத்தில் நிற்கையில் கடற்காற்று சற்றே வலுத்தாலும், பற்றிய மட்டை கையோடு பெயர்ந்து வந்தாலும், மறுநொடி அவர் தரையில் கிடப்பார். அவ்வாறு வீழ்ந்தும் உயிர் தப்பியோர் உண்டு. தப்பியோருள் சிலர் இடுப்புக்குக் கீழ் உணர்விழந்து, வீட்டின் ஒரு மூலையில் கிடந்தபடியே எஞ்சிய வாழ்நாளைக் கழிக்கின்றனர்.

தென்னிந்திய மருத்துவமனைகளுக்குத் தண்டுவடக் காயத்தோடு வருவோருள் பெரும்பாலோர் சாலை விபத்தில் சிக்கியவர்கள் அல்லது உயரத்திலிருந்து வீழ்ந்தவர்கள். பனை நம் மாநில மரம். அதனைக் காக்க 2021ஆம் ஆண்டு வேளாண் நிதிநிலை அறிக்கையில் தனி இயக்கமே அறிவிக்கப்பட்டது. மாவட்ட ஆட்சியரின் ஒப்புதலின்றி அதனை வெட்டலாகாது என்றும் விதிக்கப்பட்டது. நல்ல முடிவுகள், வரவேற்றோம். மரத்துக்குக் கிடைத்த அக்காவல் அம்மரத்தை நம்பி வாழும் மனிதனின் முதுகெலும்புக்கும் கிடைக்க வேண்டும் என்பதே நம் கோரிக்கை.

உயரத்திலிருந்து இடுப்பூன்றி விழுபவரின் உடலுக்குள் நிகழ்வதை நாம் அறிந்திருத்தல் வேண்டும். முதுகெலும்பின் மார்புப் பகுதி விலாவெலும்புகளால் கட்டுண்டு விறைப்பாக நிற்பது. இடுப்புப் பகுதியோ எளிதில் வளைவது. இவ்விரண்டும் கூடும் இடத்தில், மார்பின் 12ஆம் முள்ளெலும்பிலும் இடுப்பின் முதல் முள்ளெலும்பிலும், வீழ்ச்சியின் வேகம் முழுவதும் வந்து இறங்குகிறது. எலும்பு நொறுங்குகிறது, நொறுங்கிய துண்டு பின்னோக்கிப் பாய்ந்து தண்டுவடம் செல்லும் குழாய்க்குள் புகுகிறது. பெரும்பாலோர்க்குத் தண்டுவடம் முடிவதும் அவ்விடத்தையொட்டியே. கால்களுக்கும் சிறுநீர்ப்பைக்கும் மலக்குடலுக்கும் செல்லும் நரம்புகள் அங்கே நெருங்கிக் கிடக்கின்றன. விரற்கடை அளவு எலும்புத் துண்டு ஒரு மனிதனின் நடையையும், தானே கழிப்பறைக்குச் செல்லும் மானத்தையும் ஒருசேரப் பறித்துவிடுகிறது.

வீழ்ச்சி செய்த கேட்டுக்கு மேல் தூக்குவதால் ஒரு கேடு நேர்கிறது. பதறி ஓடிவருவோர் கையை இருவரும் காலை இருவரும் பற்றித் தூக்கி, ஆட்டோவின் பின்னிருக்கையில் சாய்த்து உட்காரவைத்துப் புறப்படுகின்றனர். அன்பினால் செய்வதுதான். ஆயினும் முறிந்த முதுகு அப்போது நடுவில் மடிகிறது. அரைகுறையாய் நசுங்கியிருந்த தண்டுவடம் முற்றிலும் நசுங்கிவிட வாய்ப்புண்டு. விழுந்தவர் காலை அசைக்க இயலவில்லை என்றாலும், முதுகு வலிக்கிறது என்று சொன்னாலும் அவரை உட்கார வைத்தல் கூடாது. கழுத்தையும் முதுகையும் இடுப்பையும் ஒரே நேர்கோட்டில் வைத்து, மூன்று நான்கு பேர் சேர்ந்து ஒரே கட்டையாக உருட்டி, கதவுப் பலகையோ மரப்பலகையோ ஒன்றின்மேல் கிடத்த வேண்டும். தலையின் இருபுறமும் மடித்த துணியை அணைத்து, தலை ஆடாமல் காக்க வேண்டும். 108 ஊர்தி வரும்வரை அவரை அசைக்காதிருப்பதே பெரிய உதவி. இதனைக் கற்பிக்கக் கட்டடம் வேண்டியதில்லை, கருவியும் வேண்டியதில்லை. பனைத் தொழிலாளர் குடியிருக்கும் ஒவ்வோர் ஊரிலும் ஒரு மாலைப்பொழுது போதும்.

அடுத்தது காலம். கழுத்துத் தண்டுவடக் காயமுற்றோரைப் பற்றி வட அமெரிக்க மருத்துவமனைகள் பல சேர்ந்து நடத்தி 2012இல் வெளியிட்ட ஆய்வொன்று உலகெங்கும் மேற்கோளாகிறது. நசுங்கிய தண்டுவடத்தை 24 மணி நேரத்துக்குள் அறுவையால் விடுவித்தவர்களுள் 19.8 விழுக்காட்டினர் ஆறு மாதத்தில் நரம்புச் செயல்பாட்டை மதிப்பிடும் அளவுகோலில் இரண்டு படிநிலைகளோ அதற்கு மேலோ தேறினர். அதற்குப் பிந்தி அறுவை பெற்றவர்களுள் அவ்வாறு தேறியோர் 8.8 விழுக்காட்டினரே. நொறுங்கிய முதுகுக்குக் கடிகாரம் ஓடுகிறது என்பதே அதன் பொருள். இராமேசுவரத்திலிருந்து பெரிய மருத்துவமனை உள்ள மதுரை ஏறத்தாழ 170 கிலோமீட்டர். ஊருக்குள்ளிருந்து சாலைக்கு வரும் நேரம், முதல் மருத்துவமனையில் படம் எடுக்கும் நேரம், அங்கிருந்து மாற்றி அனுப்பும் நேரம், பெரிய மருத்துவமனையில் அறுவை அரங்குக்குக் காத்திருக்கும் நேரம் ஆகியவற்றைக் கூட்டிப் பார்த்தால் அந்த 24 மணி எங்கே கரைகிறது என்பது விளங்கும்.

இராமநாதபுரத்தில் அரசு மருத்துவக் கல்லூரி எழுந்துவிட்டது. 2022 சனவரியில் திறக்கப்பட்ட பதினொரு புதிய கல்லூரிகளுள் அதுவும் ஒன்று. மதுரைக்கென அறிவிக்கப்பட்ட எய்ம்ஸ் நிறுவனத்தின் முதல் மாணவர் அணியும், தோப்பூரில் கட்டடம் எழுமுன்னரே, 2022இல் இக்கல்லூரி வளாகத்தில்தான் பாடம் தொடங்கியது. இரண்டு நிறுவனங்களின் மாணவர்கள் கற்ற மண்ணில், முறிந்த முதுகை எந்நேரமும் ஏற்று அறுவை செய்யும் குழு ஒன்று நிலையாக இருத்தல் வேண்டும் என்று கேட்பது பேராசை ஆகாது.

அறுவை எதைச் செய்யும், எதைச் செய்யாது என்பதில் மக்களுக்குத் தெளிவு வேண்டும். முறிவுக்கு மேலும் கீழும் உள்ள முள்ளெலும்புகளில் திருகாணிகளைப் பொருத்தி, டைட்டானியக் கம்பிகளால் இணைத்து, நொறுங்கிய எலும்பு மேலும் சரியாதவாறு நிறுத்துவர். தண்டுவடத்தை அழுத்தும் துண்டை அகற்றுவர். இதனால் நோயாளியைச் சில நாள்களிலேயே உட்காரவைக்க முடிகிறது. அரைகுறையாய் உயிருள்ள நரம்புகள் மீளவும் வழி பிறக்கிறது. அறுந்து மாண்ட தண்டுவடத்தை மீண்டும் வளரச்செய்யும் அறுவை இன்றுவரை உலகில் எங்குமில்லை. சுவிட்சர்லாந்தின் லோசான் நகரில் தண்டுவடத்தின்மேல் மின்தூண்டல் கருவி பொருத்தப்பட்ட மூவர் மீண்டும் அடியெடுத்து வைத்ததாக 2018இல் வந்த செய்தி பெருநம்பிக்கை தருவது. எனினும் அது ஆய்வு நிலையிலேயே உள்ளது. குருத்தணு ஊசியால் நடக்கவைப்போம் என்று விளம்பரம் செய்வோரிடம் நிலத்தை விற்றுப் பணம் கட்ட வேண்டாம். ஆய்வுக்கு வெளியே அத்தகைய சிகிச்சை அளிப்பதை இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் 2017ஆம் ஆண்டு வழிகாட்டு நெறிகள் ஏற்கவில்லை.

இனி, நாம் பெருமையோடும் பொறுப்போடும் நினைக்க வேண்டிய செய்தி ஒன்று உண்டு. எந்த முதுகுக்குக் கத்தி வேண்டும், எந்த முதுகுக்கு வேண்டாம் என்ற கேள்விக்கு உலகம் இன்று பின்பற்றும் விடைகளுள் ஒன்று சென்னையில் பிறந்தது.

முதுகெலும்பைத் தாக்கும் காசநோயை 1779இல் விரிவாக எழுதியவர் இலண்டன் அறுவை மருத்துவர் பெர்சிவல் பாட். அது முள்ளெலும்புகளை அரித்து, சீழ் கட்டி, கூன் விழச்செய்து, ஈற்றில் காலை முடக்கும். மருந்து இல்லாத காலத்தில் நோயாளியை ஆண்டுக்கணக்கில் படுக்கையில் கிடத்தினர்; மாவுக்கட்டால் உடலைப் பிணைத்தனர். பின்னர் ஹாங்காங்கில் ஹாட்ஜ்சன் என்பார் மார்பை முன்புறமாகத் திறந்து, அழுகிய எலும்பு முழுவதையும் நீக்கி, வேறிடத்து எலும்பை வைத்து ஒட்டும் பெரிய அறுவையை வகுத்தார். அது சிறந்த அறுவையே. ஆனால் உயர்ந்த திறனும், நல்ல மயக்க மருத்துவமும், நீண்ட மருத்துவமனைவாசமும் வேண்டிய அறுவை. ஏழை நாடுகளின் நோயாளிகளுக்கு அது எட்டுமா? எட்டாவிட்டால் அவர்கள் கூனோடும் முடக்கத்தோடும் மடிய வேண்டியதுதானா?

இக்கேள்விக்கு விடை காண பிரித்தானிய மருத்துவ ஆராய்ச்சி மன்றம் கொரியாவிலும் ஹாங்காங்கிலும் ரொடீசியாவிலும் ஆய்வுகளைத் தொடங்கியது. கொரியாவின் மசான் நகரில், படுக்கையில் கிடந்தவரும் நடமாடியபடி மருந்துண்டவரும் ஒருபோலவே குணமாயினர். பூசான் நகரில், மாவுக்கட்டு அணிந்தவருக்கும் அணியாதவருக்கும் வேறுபாடு தெரியவில்லை. இவ்வரிசையில் 1970களின் நடுவே சென்னை ஆய்வு தொடங்கிற்று. அதனை நடத்திய காசநோய் ஆராய்ச்சி மையம் 1956இல் சேத்துப்பட்டில் நிறுவப்பட்டது. காசநோயாளியை ஆரோக்கிய நிலையத்தில் அடைத்துவைக்க வேண்டியதில்லை, வீட்டிலிருந்தே மருந்துண்டு குணமாகலாம் என்று 1959இல் உலகுக்கு மெய்ப்பித்தது அதே நிறுவனம். இப்போது முதுகெலும்புக் காசநோயில் அது கேட்ட கேள்வியும் அதே அறத்தினின்று எழுந்தது. ஒரு பிரிவினருக்கு ஹாங்காங் முறை அறுவையும் 6 மாத மருந்தும். மற்றொரு பிரிவினருக்கு அறுவையின்றி 6 மாத மருந்து. இன்னொரு பிரிவினருக்கு அறுவையின்றி 9 மாத மருந்து. மருந்து என்றது ஐசோனியாசிடும் ரிஃபாம்பிசினும். அறுவை பெறாதோர் வீட்டிலிருந்தபடி நடமாடி வாழ்ந்தனர்.

பத்தாண்டுகள் அவர்களைத் தொடர்ந்து கண்காணித்து எழுதிய அறிக்கை 1999இல் வெளிவந்தது. அறுவை பெற்றோரினும் மருந்து மட்டும் உண்டோர் எவ்வகையிலும் தாழ்ந்துவிடவில்லை. அப்பிரிவுகளில் பத்தில் ஒன்பதுக்கும் மேற்பட்டோர் நலமாக இருந்தனர். நடமாடும் நிலையிலுள்ள முதுகெலும்புக் காசநோயாளிக்கு முதல் சிகிச்சை மாத்திரையே என்பது உறுதியாயிற்று. காசியில் எஸ். எம். துலி 1975இல் வகுத்த ‘நடுவழி’ முறையும் இதையே சொல்லிற்று: யாவர்க்கும் மருந்து, மருந்துக்கு இணங்காதவருக்கும் முடக்கம் முற்றுவோர்க்கும் அறுவை.

ஆயினும் சென்னை ஆய்வாளர்களின் நோக்கு மருந்தோடு நின்றுவிடவில்லை. குணமான பின்னும் சில குழந்தைகளுக்குக் கூன் வளர்ந்துகொண்டே போவதை அவர்கள் கண்டனர். யாருக்கு வளரும், யாருக்கு வளராது? டி. கே. சண்முகசுந்தரமும் அவர் மாணவர் எஸ். இராஜசேகரனும் 1987இல் ஒரு சூத்திரத்தை வெளியிட்டனர். சிகிச்சை தொடங்கும்போது எத்தனை முள்ளெலும்பு அளவு கரைந்துபோயிருக்கிறதோ, அந்த எண்ணை 30.5ஆல் பெருக்கி 5.5ஐக் கூட்டினால் ஈற்றில் வரப்போகும் கூனின் கோணம் ஏறத்தாழக் கிடைக்கும். ஓர் எக்ஸ்ரே படமும் ஓர் அளவுகோலும் இருந்தால் கடைக்கோடி மருத்துவமனையிலும் கணக்கிடலாம். பின்னர் கோவை கங்கா மருத்துவமனையிலிருந்து இராஜசேகரன், வளரும் குழந்தையின் முதுகெலும்பு சரியப்போவதை முன்கூட்டியே காட்டும் எக்ஸ்ரே அடையாளங்களை 2001இல் வகுத்துரைத்தார். அவ்வடையாளங்கள் உள்ள குழந்தைக்குக் காலத்தே அறுவை வேண்டும், மற்றவருக்கு வேண்டியதில்லை. அளவோடு அறுக்கக் கற்பித்த இவ்வறிவைத் தமிழகம் உலகுக்கு ஈந்த கொடை என்றே நாம் கருதுகிறோம்.

அக்கொடை இராமநாதபுரத்துச் சேதுக் கரைக்கு முழுமையாக வந்து சேர வேண்டும். பல வாரமாக நீங்காத முதுகுவலியும், மாலைக் காய்ச்சலும், உடல் மெலிவும் சேர்ந்து வந்தால் அது காசநோயாக இருக்கலாம் என்ற ஐயம் கிராமச் செவிலியருக்கும் எழ வேண்டும். எண்ணெய் தேய்த்தும் வலிமாத்திரை விழுங்கியும் மாதங்களைக் கழித்தபின் கால் முடங்கி வருபவருக்கு, தொடக்கத்தில் மாத்திரை செய்திருக்கக்கூடியதைப் பின்னர் கத்தியாலும் செய்ய இயலாமற்போகலாம்.

மறுபுறம், வேண்டாத கத்தியும் உண்டு. அலைமேல் எழுந்து எழுந்து விழும் வல்லத்தில் மணிக்கணக்காக அமர்ந்து செல்லும் மீனவருக்கும், பனிக்கட்டியும் மீன்பெட்டியும் சுமக்கும் துறைமுகத் தொழிலாளிக்கும், பாம்பன் கரையில் குனிந்து குனிந்து கடற்பாசி எடுக்கும் பெண்ணுக்கும், நெடுந்தொலைவு குடம் சுமக்கும் இல்லத்தரசிக்கும் இடுப்புவலி வாராதிருப்பதே அரிது. வலி வந்ததும் ஸ்கேன். ஸ்கேனில் ‘ஜவ்வு விலகிவிட்டது’. உடனே அறுவை என்ற அச்சம். 1994இல் அமெரிக்காவில், முதுகுவலியே இல்லாத 98 பேரை எம்.ஆர்.ஐ. படம் எடுத்துப் பார்த்தனர். அவர்களுள் 52 விழுக்காட்டினருக்கு ஏதேனும் ஓர் இடைத்தட்டு பிதுங்கியிருந்தது. எல்லாத் தட்டுகளும் இயல்பாக இருந்தவர்கள் 36 விழுக்காட்டினரே. தலை நரைப்பதைப் போலத் தட்டும் முதிர்கிறது. கங்கா மருத்துவமனையின் ஆய்வாளர்கள் 2021இல் இன்னும் ஒருபடி சென்றனர். முதுகுவலிக்காரர்களுள் ஒரு பகுதியினருக்கு எம்.ஆர்.ஐ. அறிக்கையின் அச்சுறுத்தும் சொற்களை அப்படியே எடுத்துரைத்தனர். மற்றவருக்கு, இவை வயதோடு வரும் இயல்பான மாற்றங்களே என்று தேற்றினர். அறிக்கையை முழுதும் கேட்டவர்கள் தேறியது குறைவு. அவர்களது அச்சமோ மிகுந்தது. சொல்லும் முதுகை முடக்கும் என்பதற்கு இதனினும் சான்று வேண்டுமோ?

காலில் வலுக்குறைவு பெருகினாலும், சிறுநீர்க் கட்டுப்பாட்டை இழந்தாலும், மருந்துக்கும் பயிற்சிக்கும் அடங்காத நரம்புவலி காலில் பாய்ந்தாலும் அறுவை தேவைப்படலாம். சிறுநீர் நின்றுபோனால் ஒருநாளும் தாமதித்தல் கூடாது. எஞ்சிய பெரும்பாலோர் நடமாட்டத்தாலும் தசைப்பயிற்சியாலும் காலத்தாலும் குணமடைகின்றனர். இன்னொரு வகையினரையும் இங்கே சொல்லிவிட வேண்டும். கம்ப்ரசர் குழாய் வழியே மூச்சுவாங்கி ஆழ்கடலில் நெடுநேரம் தங்கிச் சங்கெடுப்போர் விரைந்து மேலேறினால், குருதியில் கரைந்த நைட்ரஜன் குமிழிகளாகித் தண்டுவடத்தைத் தாக்கும். அதற்குக் கத்தி உதவாது. உயரழுத்தக் கூண்டில் வைத்து ஆக்சிஜன் அளிப்பதே மருத்துவம்.

அறுவை முடிந்த பின்னர் வருவது நெடிய காலம். அதைப் பற்றியே நாம் மிகக் குறைவாகப் பேசுகிறோம். இரண்டாம் உலகப் போர் வரை, தண்டுவடம் முறிந்தவர் சில மாதங்களில் மாண்டுபோவதே பெரும்பாலும் வழக்கமாக இருந்தது. அவர்களைக் கொன்றவை படுக்கைப்புண்ணும் சிறுநீர்த் தொற்றும். 1944இல் இங்கிலாந்தின் ஸ்டோக் மேண்டவில் மருத்துவமனையில் லுட்விக் குட்மன் இரண்டு மணிக்கொருமுறை நோயாளியைப் புரட்டிப் படுக்கவைத்தும், சிறுநீர்ப்பையைத் தூய்மையாகப் பேணியும், தொழிலும் விளையாட்டும் பயிற்றியும் அந்த விதியை மாற்றினார். நம் நாட்டிலும் அவ்வழி உண்டு. 1954இல் ஊர்தி விபத்தில் தண்டுவடம் முறிந்த மருத்துவர் மேரி வர்கீஸ், சக்கர நாற்காலியில் அமர்ந்தபடியே அறுவை செய்யக் கற்று, வேலூர் கிறித்துவ மருத்துவக் கல்லூரியில் மறுவாழ்வுத் துறையைக் கட்டியெழுப்பினார். 1975இல் கடற்படைத் தேர்வின்போது வீழ்ந்து கழுத்துக்குக் கீழ் செயலிழந்த எஸ். இராமகிருஷ்ணன், 1981இல் ஆய்க்குடியில் அமர் சேவா சங்கத்தை நிறுவினார். 2020இல் பத்மஸ்ரீ விருது அவரை நாடி வந்தது. இராமேசுவரத்தில் பிறந்த அப்துல் கலாம், ஏவுகணைக்கென ஆக்கிய இலகுபொருளைக் கொண்டு, மூன்று கிலோ எடையுள்ள காற்சட்டத்தை முந்நூறு கிராமாகக் குறைத்து, ஐதராபாத்தில் இளம்பிள்ளை வாதம் தாக்கிய குழந்தைகளுக்கு அணிவித்தார்.

ஆகவே நாம் கேட்பவை புதியன அல்ல. நம்மிடம் உள்ளவற்றைக் கடற்கரை வரை நீட்டுக என்பதே. பனையேறிக்கு இடுப்புக்கச்சையும் கயிறும் தொழிலாளர் நல வாரியத்தின் வழியே விலையின்றி வழங்கப்பட வேண்டும். சிறந்த ஏறுகருவிக்கு விருது அறிவித்த அரசு, அக்கருவி சாயல்குடித் தோட்டத்தில் பயன்படுகிறதா என்பதையும் பார்க்க வேண்டும். விபத்துக்குப் பிந்திய 48 மணி நேரச் சிகிச்சைச் செலவை அரசே ஏற்கும் ‘இன்னுயிர் காப்போம்’ திட்டம் சாலை விபத்துக்கென 2021 டிசம்பரில் தொடங்கப்பட்டது. மரத்திலிருந்தும் படகிலிருந்தும் வீழ்வோரையும் அது தழுவுதல் நீதி. வீடு தேடி வரும் ‘மக்களைத் தேடி மருத்துவம்’ இயன்முறைப் பணியாளருக்குப் படுக்கைப்புண் தடுப்பும் சிறுநீர்ப்பைப் பராமரிப்பும் தனியே பயிற்றப்பட வேண்டும். தண்டுவடம் முறிந்தவர் மூன்று மாதமேனும் தங்கிப் பயிலும் மறுவாழ்வுக் கூடம் ஒன்று இராமநாதபுரத்திலேயே அமைய வேண்டும். ஆய்க்குடிக்கும் வேலூருக்கும் பயணம் செய்ய வழியில்லாதவரே அதனை மிகவும் வேண்டுபவர்.

இவற்றுக்கெல்லாம் அடிப்படையாக, மாவட்டத்தில் முதுகெலும்பு முறிவோர் ஒவ்வொருவருக்கும் பதிவேடு வேண்டும். எங்கே விழுந்தார், எப்படித் தூக்கினர், எத்தனை மணியில் அறுவை அரங்கை அடைந்தார், ஓராண்டுக்குப் பின் எந்நிலையில் உள்ளார் என்ற நான்கு கேள்விகளுக்கு விடை எழுதினாலே போதும். பத்தாண்டுகள் நோயாளிகளைத் தேடித் தேடிக் குறித்துவைத்த சென்னை ஆய்வாளரின் மரபுக்கு உரிய மாநிலம் இது. வரும் மாசியில் கலயங்கள் ஏறுமுன் அப்பதிவேட்டைத் திறக்குமாறு மாவட்ட ஆட்சியரையும், இராமநாதபுரம் அரசு மருத்துவக் கல்லூரியையும், மக்கள் நல்வாழ்வுத் துறையையும் வலியுறுத்தி வேண்டுகிறோம்.